காலண்டரை மட்டும் மாற்றினார்கள்

2021 ஏப்ரல் 9. சட்டமன்றத் தேர்தலில் வாக்குப்பதிவு முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. எண்ணிக்கைக்கு இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தது. ஆட்சி யாருக்கு என்று தெரியாத அந்த இடைவெளியில் மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ திரைக்கு வந்தது. தென்மாவட்டத்தில் ஒரு தலித் கிராமம். அங்கே நிற்காமல் போகும் பேருந்து. கடைசியில் ஊருக்குள் புகுந்து அடித்து நொறுக்கும் போலீஸ். கதை நடக்கும் காலத்தை ஒரு டைட்டில் கார்டு சொன்னது: 1997 முற்பகுதி.

இந்த ஆண்டுதான் சிக்கலைக் கொண்டுவந்தது. படத்தின் ஊர்ப் பெயர் பொடியன்குளம். தென்மாவட்டக்காரர் யார் காதில் விழுந்தாலும் அது கொடியன்குளம் என்றுதான் கேட்கும். கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்தது 1995 ஆகஸ்ட் 31 அன்று, ஜெயலலிதா முதலமைச்சராக இருந்தபோது. 1997இல் ஆட்சியில் இருந்தது திமுக. படத்தைப் பாராட்டிய உதயநிதி ஸ்டாலின், அதிமுக ஆட்சியில் நடந்த சம்பவம் திமுக ஆட்சியில் நடந்ததுபோலக் காட்டப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டினார். படக்குழு உடனே திருத்தியது. புதிய கார்டு ‘90களின் பிற்பகுதி’ என்று சொன்னது.

விரல் விட்டு எண்ணிப் பார்த்தால் வேடிக்கை புரியும். தொண்ணூறுகளின் பிற்பகுதி முழுக்க, 1996 மே முதல், திமுக ஆட்சிதான். திருத்தம் செய்த பிறகும் தவறு அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது, அவ்வளவுதான். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே இயக்குநரின் ‘மாமன்னன்’ படத்தில் உதயநிதியே கதாநாயகனாக நடித்தார். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. கொடியன்குளம் மட்டும் ஆண்டில்லாத ஊராகிவிட்டது.

படம் எடுப்பவர் வரலாற்றாசிரியர் இல்லையே, இரண்டு வருடம் முன்னே பின்னே போனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உண்மைச் சம்பவத்தைப் படமாக்கும் எவரும் பெயரை மாற்றுவார், பத்துப் பேரை ஒருவராக்குவார், பத்து ஆண்டை இரண்டரை மணி நேரத்துக்குள் மடக்குவார். அதில் குற்றம் காண்பவருக்குச் சினிமா என்றால் என்னவென்றே தெரியாது எனலாம். ஆனால் சில மாற்றங்கள் வேறு ரகம். ஒரு சின்ன விவரத்தைத் தொட்டதும் குற்றவாளி இடம் மாறிவிடுவார். அல்லது மோதலுக்கான காரணமே வேறொன்றாகிவிடும். அரசியல் மோதல்களைத் தொட்ட தமிழ்ப் படங்களில் இந்த இரண்டாவது ரகம் நிறையவே இருக்கிறது. ரசிகர்களின் சண்டையோ பெரும்பாலும் முதல் ரகத்தைப் பற்றித்தான் நடக்கிறது.

கொடியன்குளத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே என்ன உடைக்கப்பட்டது என்பதில்தான் அந்தச் சம்பவத்தின் பொருள் இருக்கிறது. கொலை வழக்குகளில் தேடப்படுபவர்களைப் பிடிக்க வந்ததாகக் காவல்துறை சொன்னது. வந்த நூற்றுக்கணக்கான போலீசார் கைவைத்ததோ டிவி, டேப் ரெக்கார்டர், மின்விசிறி, தையல் மிஷின் ஆகியவற்றின் மீது. படித்த இளைஞர்களின் சான்றிதழ்களும் பாஸ்போர்ட்டுகளும் நாசமாக்கப்பட்டன. கிணற்றில் விஷம் கலக்கப்பட்டதாக ஊர்மக்கள் புகார் சொன்னார்கள். அது வறுமையில் வாடிய ஊர் அல்ல. வளைகுடா நாடுகளுக்குப் போய்ச் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் தலைநிமிர்ந்திருந்த ஊர். அந்த வசதியைக் குறிவைத்தே தாக்குதல் நடந்தது என்று மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகளும் பத்திரிகைச் செய்திகளும் பதிவு செய்தன.

‘கர்ணன்’ காட்டும் பொடியன்குளத்துக்குப் பஸ் நிறுத்தம்கூட இல்லை. கழுதையும் வெயிலும் ஓட்டு வீடுகளுமான ஊர் அது. காட்சிகளின் வலிமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ‘இவர்கள் முன்னேறிவிட்டார்கள்’ என்ற ஆத்திரத்தில் பாஸ்போர்ட்டைக் கிழிக்கும் அரசு ஒன்று. ‘இவர்கள் நம்மை எதிர்த்துப் பேசுகிறார்கள்’ என்ற ஆத்திரத்தில் முதியவர்களை அடிக்கும் அதிகாரி வேறு ஒன்று. முதலாவதுதான் நடந்தது. அது திரைக்கு வந்திருந்தால், நகரத்து மேடைகளில் அடிக்கடி கேட்கும் ‘படித்து முன்னேறினால் சாதி போய்விடும்’ என்ற பேச்சு அங்கேயே அடிபட்டிருக்கும். படத்தில் கர்ணன் எஸ்.பி.யை வாளால் கொல்கிறான், சிறை செல்கிறான், திரும்பி வருகிறான். நிஜத்தில் அந்த நடவடிக்கைக்குத் தலைமை தாங்கிய எந்த அதிகாரியும் கொல்லப்படவில்லை. விசாரணை ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அது காவல்துறையின் நடவடிக்கையைப் பெரும்பாலும் நியாயப்படுத்தியது. பார்வையாளருக்கு வாள் ஆறுதல் தருகிறது. ஆணைய அறிக்கையோ எரிச்சலைத்தான் தரும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1997 என்பது வெறும் ஆண்டு இல்லை. அந்த ஆண்டில்தான் தலித் சமூகம் கொண்டாடும் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் அரசுப் போக்குவரத்துக் கழகம் அறிவிக்கப்பட்டு, அந்தப் பெயர் தாங்கிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று பிற சாதியினர் கிளம்பி, தென்மாவட்டங்கள் பற்றி எரிந்தன. கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு நீக்கியது. அதே ஆண்டு ஜூன் 30 அன்று மேலவளவில் பஞ்சாயத்துத் தலைவர் முருகேசன் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார். 1995 கலவரங்களின் தொடக்கமும் வீரசிகாமணியில் ஒரு பேருந்து ஓட்டுநருக்கும் மாணவர்களுக்கும் நடந்த தகராறுதான். தென்தமிழகச் சாதி மோதலின் வரலாற்றைப் பேருந்தை வைத்தே எழுதிவிடலாம். அந்த வகையில் ‘கர்ணன்’ பேருந்தைப் பிடித்தது கூர்மையான கண்.

திமுக ஆட்சியைக் குற்றஞ்சாட்ட வேண்டுமென்றால் ஆண்டைக் கடன் வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் நடந்த ஊர்வலம் தடியடிக்குள்ளாகி, தாமிரபரணியில் 17 பேர் இறந்தார்கள். மாரி செல்வராஜின் சிறுகதைத் தொகுப்பு ஒன்றின் பெயரே ‘தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்’. அவருக்குத் தெரியாத வரலாறு இல்லை இது. எழுத்தில் ஆற்றின் பெயரைச் சொல்ல முடிந்தவருக்குத் திரையில் ஊர்ப் பெயரின் முதலெழுத்தை மாற்ற வேண்டியிருக்கிறது என்றால், அந்த இடைவெளிக்கு அவர் ஒருவரை மட்டும் பொறுப்பாக்க முடியாது.

அதே 2021இல் நவம்பர் மாதம் இன்னொரு படம் ஓடிடியில் வந்தது. த.செ. ஞானவேலின் ‘ஜெய் பீம்’. இங்கே சண்டை ஆண்டைப் பற்றி எழவில்லை. சுவரில் தொங்கிய ஒரு காலண்டரைப் பற்றி எழுந்தது.

1993இல் விருத்தாசலம் அருகே முதனை கிராமத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணு திருட்டுக் குற்றச்சாட்டின் பேரில் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்கே அடித்துக் கொல்லப்பட்டார். தப்பி ஓடிவிட்டார் என்று போலீஸ் கணக்குக் காட்டியது. அவருடைய மனைவி மார்க்சிஸ்ட் கட்சியினரின் துணையோடு சென்னைக்கு வந்து, அப்போது வழக்கறிஞராக இருந்த கே. சந்துரு மூலம் ஆட்கொணர்வு மனு போட்டார். வழக்கு 2006 வரை இழுத்தது. போலீசார் தண்டிக்கப்பட்டார்கள்.

படத்தில் ராஜாக்கண்ணு ராஜாக்கண்ணுவாகவே வருகிறார். சந்துரு சந்துருவாகவே வருகிறார். விசாரணை நடத்திய ஐ.ஜி. பெருமாள்சாமியும் அதே பெயரில் வருகிறார். சித்திரவதை செய்யும் எஸ்.ஐ.க்கோ பெயர் மாறிவிட்டது. நிஜத்தில் கிறிஸ்தவப் பெயர் கொண்டவர், படத்தில் குருமூர்த்தி ஆனார். அவர் வீட்டில் போனில் பேசும் காட்சியில் பின்னால் தொங்கும் காலண்டரில் அக்னி கலசம். வன்னியர் சங்கத்தின் சின்னம் அது. மறைந்த வன்னியர் சங்கத் தலைவர் காடுவெட்டி குருவின் பெயரையும் அக்னி கலசத்தையும் சேர்த்துப் பார்த்த பாமகவினர் கொந்தளித்தார்கள். சில நாள்களில் காலண்டர் மாற்றப்பட்டது. அக்னி கலசம் இருந்த இடத்தில் லட்சுமி வந்து உட்கார்ந்தாள். அன்புமணி ராமதாஸ் சூர்யாவுக்குக் கேள்விக்கணை தொடுத்துக் கடிதம் எழுதினார். வன்னியர் சங்கம் ஐந்து கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. உள்நோக்கம் இல்லை என்று இயக்குநர் வருத்தம் தெரிவித்தார்.

காலண்டரை வைத்தது தவறுதான். முக்கியமான பலரின் பெயர் நிஜம், இவர் பெயர் கற்பனை என்றால், அந்தக் கற்பனைக்குக் கணக்குக் கேட்க ஒரு சமூகத்துக்கு உரிமை உண்டு. ஆனால் இரண்டு வாரம் தமிழ்நாடே ஒரு காலண்டரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததில் அதைவிடப் பெரிய மாற்றம் பேச்சில் அடிபடாமலே போனது. ராஜாக்கண்ணு குறவர். படத்தில் அவர் இருளர்.

இது பெயர் மாற்றம் போன்றதில்லை. குற்றப் பரம்பரைச் சட்டம் என்ற கொடுமையை வெள்ளைக்காரன் ஏவிய சமூகங்களில் குறவர்களும் உண்டு. திருட்டு நடந்தால் முதலில் இவர்கள் குடிசைக்கு ஜீப் வரும் என்ற வழக்கம் அந்தச் சட்டம் விட்டுச்சென்ற எச்சம். ராஜாக்கண்ணு ஏன் பிடிக்கப்பட்டார் என்பதற்கான விடையின் பாதி அவர் பிறந்த சமூகத்தின் பெயரில் இருக்கிறது. படம் அவரை எலி பிடிக்கும், பாம்பு பிடிக்கும் இருளராக்கியதும் அந்த வரலாறு வேறு வரலாறாகிவிட்டது: பட்டா இல்லாமை, சாதிச் சான்றிதழ் கிடைக்காமை. அவையும் உண்மையான துயரங்கள்தான். படத்தால் இருளர்களுக்கு நன்மையும் விளைந்தது. சூர்யா அவர்களின் கல்விக்காக ஒரு கோடி ரூபாய் கொடுத்தார். அதிகாரிகள் அவர்கள் குடியிருப்புகளைத் தேடிப் போனார்கள். குறவர்கள் தரப்பிலிருந்து எழுந்த கேள்வி எளிமையானது: செத்தது எங்கள் ஆள், எங்கள் பெயர் எங்கே? அந்தக் கேள்விக்குக் கட்சி பலமும் இல்லை, நோட்டீஸ் அனுப்பும் ஐந்து கோடித் தெம்பும் இல்லை. ஆகவே காலண்டர் மாறியது. சமூகத்தின் பெயர் மாறவில்லை.

இன்னொன்றும் நடந்தது. நிஜக் கதையில் வழக்கறிஞர் கடைசியில் வருகிறார். அவர் வருவதற்கு முன்பே உள்ளூர்க் கட்சிக்காரர்கள் காவல் நிலையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் அலைந்தார்கள், சாட்சிகளைப் பாதுகாத்தார்கள். வழக்கு முடியும்வரை கல்யாணம் செய்துகொள்வதில்லை என்று இருந்த ஊழியர் ஒருவரின் கதை, படம் வந்த பிறகுதான் வெளியே தெரியவந்தது. உதவிக்கு வந்த உள்ளூர்க்காரர்களில் வன்னியர்களும் உண்டு என்பதைப் பாமக தரப்பும் எடுத்துச் சொன்னது. படத்தில் செங்கொடி இருக்கிறது, ஊர்வலமும் இருக்கிறது. ஆனால் சேற்றில் இறங்கித் தடயம் தேடுவதிலிருந்து டெலிபோன் ரெக்கார்டைப் புரட்டுவதுவரை எல்லாவற்றையும் நட்சத்திரமே செய்துவிடுகிறார். கூட்டாகச் செய்த வேலை ஒரு தனிமனிதனின் சாமர்த்தியமாகிவிடுகிறது. இதைச் சொன்னால் சந்துருவின் பெருமை குறைந்துவிடாது. அந்தக் கூட்டு உழைப்பைத் தம் பேட்டிகளில் எடுத்துச் சொன்னவர்களில் அவரும் ஒருவர்.

நிறைய படங்களின் தொடக்கத்தில் ‘இதில் வரும் பெயர்களும் சம்பவங்களும் கற்பனையே’ என்று ஒரு கார்டு வரும். போஸ்டரில் ‘உண்மைச் சம்பவம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. ஆனால் அந்தக் கார்டை யார் கேட்கிறார்கள் என்று பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும். மானநஷ்ட வழக்குப் பயத்தில் வக்கீல் கேட்கிறார். சான்றிதழ் தருவதற்குச் சென்சார் கேட்கிறது. திரையரங்கை யாராவது உடைத்துவிடுவார்களோ என்று விநியோகஸ்தர் கேட்கிறார். இட ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசிய ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தின் வழக்கில், போராட்டம் நடக்கும், கலவரம் வரும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை நசுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே சொல்லிவிட்டது. தீர்ப்பு சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. விநியோகஸ்தருக்குக் கண்ணாடிதான் முக்கியம்.

கட்சிகளும் சும்மா இருப்பதில்லை. 2021 ஜூலையில் பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ வந்தபோது, எம்.ஜி.ஆருக்கும் விளையாட்டுக்கும் சம்பந்தமே இல்லாததுபோலக் காட்டிவிட்டார்கள் என்று அதிமுக முன்னாள் அமைச்சர் ஜெயக்குமார் அறிக்கை விட்டார். செப்டம்பரில் ஜெயலலிதாவின் கதையான ‘தலைவி’ வந்தபோதும் எம்.ஜி.ஆர். பற்றிய காட்சிகளை நீக்கச் சொன்னவர் அவரே. ஆக ஒரே ஆண்டில் நான்கு படங்கள். திமுக, அதிமுக, பாமக என மூன்று கட்சிகள். எல்லோரும் வரலாற்றுத் துல்லியத்துக்காகப் போராடினார்கள். தங்கள் பெயர் வரும் இடத்தில் மட்டும்.

இது புதுப் பழக்கமும் இல்லை. 1997 பொங்கலுக்கு வந்த மணிரத்னத்தின் ‘இருவர்’ எம்.ஜி.ஆரையும் கருணாநிதியையும் ஆனந்தனாகவும் தமிழ்ச்செல்வனாகவும் ஆக்கிற்று. ஒரு இயக்கத்தின் அரை நூற்றாண்டு அதில் இரண்டு நண்பர்களின் மனக்கசப்பாகச் சுருங்கியது. அதற்கு முன் ‘ரோஜா’. 1991இல் காஷ்மீரில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் மூத்த அதிகாரி ஒருவர் கடத்தப்பட்டார். சுமார் இரண்டு மாதம் கழித்து, சிறையிலிருந்த தீவிரவாதிகளை அரசு விடுவித்த பிறகு வீடு திரும்பினார். படத்தில் அவர் இடத்தில் சங்கேத மொழி நிபுணரான இளைஞன் வருகிறான். எரியும் தேசியக் கொடியை உடம்பால் அணைக்கிறான். பேரத்துக்கு ஒப்பாமல் தப்பி வருகிறான். அரசு இறங்கிவந்து பேசிய உண்மைச் சம்பவம், அரசு கடைசியில் யாரையும் விடுவிக்காத கதையாகிவிட்டது. எண்ணெய் நிறுவன அதிகாரி ‘ரா’வுக்காக வேலை செய்பவர் ஆனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொடி எரிந்தபோது தியேட்டரில் எழுந்து நின்றவர்கள் நிறைய.

கீழ்வெண்மணியின் கதை இன்னும் வித்தியாசமானது. 1968 டிசம்பர் 25 இரவு, கீழத்தஞ்சையில் ராமையாவின் குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அரைப்படி நெல் கூலி உயர்வும், செங்கொடிச் சங்கத்தை விட்டு நெல் உற்பத்தியாளர் சங்கத்தில் சேர மறுத்ததும்தான் பின்னணி. கீழ்க்கோர்ட்டில் தண்டிக்கப்பட்ட பண்ணையார் கோபாலகிருஷ்ண நாயுடுவை 1973இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. காரும் நிலபுலனும் உள்ள பெரிய மனிதர்கள் தாங்களே நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்பது நீதிமன்றத்தின் வாதங்களில் ஒன்று. 1980இல் அவர் கொல்லப்பட்டார்.

இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ இந்தச் சம்பவத்தின் நிழலில் எழுந்த நாவல். 1977இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. பண்ணையாரின் கொடூரத்துக்கு அவருடைய ஆண்மைக் குறைவையும் அது காரணங்களில் ஒன்றாக வைத்தது. அரைப்படி நெல்லை மறந்துவிட்டுப் படுக்கையறையில் காரணம் தேடுவதா என்று இடதுசாரிகள் கொதித்தார்கள். அந்த நாவல் ஶ்ரீதர் ராஜனின் இயக்கத்தில் 1983இல் ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’ என்று படமாயிற்று. 2019இல் வெற்றிமாறனின் ‘அசுரன்’ வந்தது. பூமணியின் ‘வெக்கை’யில் குடிசை எரிப்பு கிடையாது. படம் சேர்த்த ஃப்ளாஷ்பேக்கில் பஞ்சமி நிலப் போராட்டமும் எரியும் குடிசைகளும் வருகின்றன. பார்ப்பவர் மனத்தில் வெண்மணிதான் எழும். ஆனால் வெண்மணியின் பன்னிரண்டு ஆண்டு, அதாவது கீழ்க்கோர்ட், ஹைகோர்ட், கார் வைத்திருப்பவர் நடக்கமாட்டார் என்ற அந்த வாதம் எல்லாம், படத்தில் ஒரே ராத்திரியில் அரிவாளால் தீர்ந்துவிடுகிறது. தீ வைத்த கொடுமை திரைக்கு வந்துவிட்டது, விடுதலை செய்த கொடுமைதான் இன்னும் வரவில்லை. காட்சியாக எடுப்பதற்கு இரண்டாவதுதான் கடினம். இவ்வளவுக்கும் பாரதி கிருஷ்ணகுமாரின் ‘ராமையாவின் குடிசை’ ஆவணப்படம் 2005இலேயே தப்பியவர்களை உட்காரவைத்துப் பேசவைத்தது. பார்த்தவர்கள் சொற்பம்.

வெற்றிமாறனின் ‘விசாரணை’யில் ஒரு விசித்திரம் உண்டு. கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், ஆந்திரப் போலீசிடம் தான் பட்ட அடியை ‘லாக்கப்’ என்று எழுதினார். படத்தின் முதல் பாதி அது. இரண்டாம் பாதி புதிதாகச் சேர்த்தது. அதில் அந்த இளைஞர்கள் சென்னையில் போலீசாலேயே கொல்லப்படுகிறார்கள். ஆக திரையில் செத்தவர், வெனிஸ் திரைப்பட விழாவுக்கு நேரில் போய்வந்தார். இந்த மாற்றத்தில் குறை சொல்ல மனம் வரவில்லை. போலீஸ் குற்றவாளி என்ற இடத்தை அது நகர்த்தவில்லை. கதையை இன்னும் மேலிடத்துக்கு, பணமும் அரசியலும் பேசும் அறைக்குக் கொண்டுபோனது. எல்லை எங்கே என்று கேட்பவருக்கு இது நல்ல உதாரணம்.

அதே இயக்குநரின் ‘விடுதலை’ அந்த எல்லையைத் தாண்டிவிட்டது.

முதல் பாகம் 2023 மார்ச் 31 அன்று வந்தது. ஒரு ரயில் விபத்தோடு தொடங்குகிறது. கேமரா வெட்டே இல்லாமல் நசுங்கிய பெட்டிகளுக்குள் ஏறி இறங்கிப் போகிறது. குண்டு வைத்ததாகத் தேடப்படும் மக்கள் படைத் தலைவர் பெருமாள் வாத்தியார். அவரைப் பிடிக்க மலைக்கிராமத்தில் முகாமிட்டிருக்கும் போலீஸ். அவர் இருக்குமிடத்தைச் சொல்லச் சொல்லிக் காவல் நிலையத்தில் ஆடை உரியப்பட்டு வதைக்கப்படும் பெண்கள். அந்தப் பெண்களைக் காப்பாற்ற வேண்டுமென்றால் வாத்தியார் பிடிபட்டாக வேண்டும் என்று நம்பும் கான்ஸ்டபிள் குமரேசன் ஓடிக்கொண்டே இருக்கிறான்.

இதில் குறைந்தது இரண்டு நிஜங்கள் ஒட்டப்பட்டுள்ளன. ஒன்று, 1987 மார்ச் 15 அன்று அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் நடந்த மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் குண்டுவெடிப்பு. தமிழரசனின் தமிழ்நாடு விடுதலைப் படை மீது வழக்கு. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இன்னொன்று, தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆள்கள் அந்த மலைவாழ் மக்களின் ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு உள்ளானார்கள்.

இரண்டுக்கும் நடுவே ஐந்து ஆண்டும் நூறு கிலோமீட்டருக்குக் குறையாத தூரமும் இருக்கிறது. அதையும் மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது காரணம் மாறியதுதான். வாச்சாத்தியில் யாரும் ரயிலுக்குக் குண்டு வைக்கவில்லை. தலைமறைவுப் படைக்குச் சோறு போட்டதாகவும் அந்த ஊர் மீது வழக்கில்லை. அங்கே புகுந்த அரசு ஊழியர்களுக்குப் பிடிக்க வேண்டிய பெருமாள் வாத்தியார் என்று ஒருவர் இல்லை. படமோ முதல் காட்சியிலேயே பிணங்களைக் காட்டிவிடுகிறது. அதற்குப் பிறகு அந்தப் பெண்களின் மீது விழும் ஒவ்வோர் அடிக்கும் பின்னால், பார்ப்பவர் மனத்தில் அந்த ரயில் நிற்கும். ‘செய்தது கொடுமைதான், ஆனால்’ என்று இழுப்பதற்கு ஓர் இடம் கிடைத்துவிடும். போலீசைக் கண்டிக்க எடுத்த படம் போலீசுக்கு ஒரு நியாயத்தையும் கையில் கொடுத்துவிடுகிறது. இயக்குநரின் நோக்கம் அது இல்லை என்பதில் சந்தேகம் வேண்டாம். நோக்கம் நல்லதாக இருந்தும் ஒட்டுவேலை இப்படிச் செய்துவிடும் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

தமிழரசன் விஷயத்திலும் இதேதான். படத்தின் இரண்டாம் பாகத்தில் வாத்தியார் காவல்துறையின் கையால் சாகிறார். நிஜத் தமிழரசன் 1987 செப்டம்பர் 1 அன்று பொன்பரப்பியில் வங்கிக் கொள்ளைக்குப் போன இடத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். அடித்த கூட்டத்தில் மஃப்டி போலீஸ் இருந்ததாக அவருடைய தோழர்கள் சொல்வார்கள். ஆனால் கூட்டத்தில் ஊர்மக்களும் இருந்தார்கள். யாருக்காகத் துப்பாக்கி எடுத்தாரோ அந்த மக்களே அவரைத் திருடன் என்று நினைத்து அடித்த அந்தப் பகல், எந்த என்கவுன்டர் காட்சியையும்விடக் கனமானது. அந்த இயக்கத்தைப் பற்றிய எல்லாக் கேள்விகளும் அந்த ஒரு தெருவில் இருக்கின்றன. படம் அந்தத் தெருப்பக்கம் போகவில்லை.

வாச்சாத்தி வழக்கின் கணக்கு இப்படி: வனத்துறையினர் 155 பேர், போலீசார் 108 பேர், வருவாய்த்துறையினர் 6 பேர், ஆக 269 பேர் மீது குற்றச்சாட்டு. 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடு இருந்த 215 பேருக்கும் தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச் முதல் வாரத்தில் வாச்சாத்திக்கே நேரில் போய் மக்களைப் பார்த்தார். ‘விடுதலை’ முதல் பாகம் வெளியானது அதே மாதக் கடைசியில். செப்டம்பர் 29 அன்று அவர் தண்டனையை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும், அப்போதைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீது நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டார்.